வீங்குவதற்கு முன்

1999ஆம் ஆண்டு, நிணநீரியலுக்கான 17ஆவது உலக மாநாடு சென்னையில் கூடியது. 1966இல் சூரிச்சில் உருவான பன்னாட்டு நிணநீரியல் சங்கம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கூட்டம் அது. இடம் பொருத்தமானதுதான். நிணநீர்க் குழல்கள் பழுதாகி, வீங்கிய காலோடு வாழ்பவர்கள் வெப்பமண்டல நாடுகளில்தான் மிகுதி. அதற்கு முதன்மையான காரணம் யானைக்கால் நோய். அந்த நோயின் சுமையில் பெரும்பங்கு இந்தியாவுடையது.

அதே ஆண்டில், வேறு இரண்டு இடங்களில் நடந்தவை இந்தத் துறையின் போக்கை மாற்றின. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், செயின்ட் ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் ப்ராக்ஸ்-1 என்ற மரபணு இல்லாத எலிக் கருக்களில் நிணநீர்க் குழல்கள் உருவாவதே இல்லை என்று காட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஜாக்சனின் குழு, இக்குழல்களின் உட்சுவரில் மிகுந்திருக்கும் லைவ்-1 என்ற புரதத்தை அடையாளம் கண்டது. அதுவரை நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய ரத்தக் குழாயையும் நிணநீர்க் குழலையும் நம்பிக்கையோடு பிரித்தறிய நல்ல வழி இருக்கவில்லை. இனி அந்தப் புரதத்துக்குச் சாயம் ஏற்றினால் நிணநீர்க் குழல் மட்டும் தனித்துத் தெரிய, துறைக்குள் புதியவர்கள் கூட்டமாக வந்தார்கள்.

வீங்கிய காலின் பக்கத்தில் நிற்கும் மருத்துவம் ஒருபுறம். மூலக்கூறுகளைத் தேடும் ஆய்வுக்கூடம் மறுபுறம். கடந்த கால் நூற்றாண்டில் இரண்டும் ஒன்றையொன்று அவ்வப்போதுதான் பார்த்துக்கொண்டன. இரண்டுக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: நிணநீர்க் குழல் கெடுவதை நாம் எப்போது பார்க்கிறோம்? பெரும்பாலும், காலம் கடந்தபின்தான் பார்க்கிறோம். இந்நோய்களில் நம் தோல்விகள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பார்ப்பது கடினம் என்பதற்கு இயற்கையான காரணம் உண்டு. நிணநீர் ஏறக்குறைய நிறமற்றது. அதைச் சுமக்கும் குழலின் சுவரும் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. 1622 ஜூலை 23 அன்று, மிலானில் காஸ்பாரே அசெல்லி என்ற உடற்கூற்றியலாளர் உயிருள்ள நாயொன்றின் வயிற்றைத் திறந்தார். அந்தக் காலத்து ஆய்வு முறையின் கொடுமை அது. குடலைத் தாங்கும் சவ்வில் வெண்ணிற இழைகள் பரவியிருந்தன. நரம்புகள் என்று முதலில் நினைத்தார். ஒன்றை வெட்டியதும் பால்போன்ற நீர்மம் வெளிவந்தது. வேறொரு நாயைத் திறந்தார், எதுவும் தெரியவில்லை. அந்த நாய் பட்டினியாக இருந்தது. முதல் நாய் வயிறு நிறையத் தின்றிருந்தது. உணவின் கொழுப்பைக் குடலிலிருந்து ஏந்திச் செல்லும் வேலை இக்குழல்களுடையது என்பதால், உண்ட சில மணி நேரத்துக்குத்தான் அவை வெளுத்துத் தெரியும். அசெல்லி இறந்தபின், 1627இல் வெளிவந்த அவருடைய நூலில் இக்குழல்களை வண்ண மரச்செதுக்குப் படங்களாக அச்சிட்டிருந்தார்கள்.

அவை கல்லீரலுக்குப் போகின்றன என்று அசெல்லி நம்பினார். 1651இல் பிரான்ஸின் ழான் பெக்கே, அந்த நீர்மம் மார்பு வழியாக மேலேறிக் கழுத்தடியில் பெரிய சிரைக்குள் கலக்கிறது என்று காட்டினார். அடுத்த ஈராண்டுகளில் ஸ்வீடனின் ஊலோஃப் ருட்பெக்கும் டென்மார்க்கின் தாமஸ் பார்த்தலினும் உடலெங்கும் இத்தகைய குழல்கள் இருப்பதைக் கண்டு, யார் முதலில் கண்டது என்று கடுமையாகச் சண்டையிட்டார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். வேண்டியது சியன்னாவின் பாவ்லோ மஸ்காஞ்ஞி. இறந்தோர் உடலில் பாதரசம் ஏற்றி நிணநீர்க் குழல்களை வரைந்த அவர், 1787இல் வெளியிட்ட படநூலில், மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறையிலும் அவை இருப்பதாகக் குறித்தார். பின்வந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூளைக்கு நிணநீர் வடிகால் இல்லை என்பது பாடநூல் உண்மையாகவே நிலைத்தது.

2015இல் அந்த உண்மை உடைந்தது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அன்டுவான் லுவோவும் ஜோனதன் கிப்னிஸும், ஹெல்சிங்கியில் காரி அலிட்டலோவின் குழுவும் தனித்தனியே எலி மூளையின் உறையில் நிணநீர்க் குழல்களைக் கண்டார்கள். லுவோ செய்த தந்திரம் எளிமையானது: உறையை மண்டையோட்டிலிருந்து உரிப்பதற்கு முன்பே அதை அங்கேயே வேதிப்பொருளால் நிலைப்படுத்தினார். குழல்கள் கிழியாமல் தப்பின. இரண்டாண்டு கழித்து, அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களில் மனிதர்களிடமும் அவை தெரிந்தன. மஸ்காஞ்ஞி கண்டது மெய்ப்படுவதற்கு 230 ஆண்டுகள் ஆயின.

இந்தக் கண்டுபிடிப்பின் பின்கதையையும் சொல்ல வேண்டும். வயதான எலிகளில் இக்குழல்கள் தளர்கின்றன. அல்சைமர் நோயை ஒத்த எலிகளில் அவற்றை அழித்தால் மூளை உறையில் அந்நோய்க்குரிய அமைலாய்டு புரதம் படிகிறது என்று 2018இல் கிப்னிஸின் குழு எழுதியது. தூக்கத்தில் மூளையின் கழிவு வேகமாக வெளியேறுகிறது என்று 2013இல் ராச்செஸ்டர் ஆய்வாளர்கள் சொன்னதற்கு, 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் எலி ஆய்வு நேரெதிரான முடிவைத் தந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் சீனாவின் பல மருத்துவமனைகள் காத்திருக்கவில்லை. அல்சைமர் நோயாளிகளின் கழுத்தில் நிணநீர்க் குழலைச் சிரையோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையில் இறங்கின. போதிய சான்று இல்லையென்று 2025இல் அந்நாட்டு அரசே அதைத் தடை செய்தது. தடை சரியானது. நினைவிழந்து கொண்டிருக்கும் பெற்றோரை அழைத்து வரும் குடும்பத்திடம், எலியில் கண்டதை வைத்து நம்பிக்கை விற்கக் கூடாது.

இனி, இந்தக் குழல்கள் உடலில் செய்யும் வேலைக்கு வருவோம். ரத்த நுண்குழாய்களிலிருந்து நீரும் கொஞ்சம் புரதமும் திசுவுக்குள் ஓயாமல் கசிகின்றன. கசிந்ததில் பெரும்பகுதி நுண்குழாயின் மறுமுனையில் ரத்தத்துக்கே திரும்பிவிடும், மிச்சமிருக்கும் சிறு பங்கைத்தான் நிணநீர்க் குழல்கள் அள்ளுகின்றன என்று நாம் படித்தோம். எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் முன்வைத்த அழுத்தக் கணக்கின் மேல் எழுந்த பாடம் அது. 2010இல் லெவிக், மிச்செல் ஆகிய பிரிட்டிஷ் உடலியலாளர்கள் பல பத்தாண்டுச் சான்றுகளைத் தொகுத்து அதைத் திருத்தினார்கள். நுண்குழாயின் உட்புறத்தில் படிந்திருக்கும் சர்க்கரை-புரதப் படலத்தையும் கணக்கில் சேர்த்தால், பெரும்பாலான திசுக்களில் அப்படித் தொடர்ந்து திரும்புதல் நடப்பதில்லை. கசிந்ததில் ஏறக்குறைய எல்லாமே நிணநீர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒரு நாளைக்கு 8 லிட்டர்வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். உடலிலுள்ள ரத்த பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர் அளவுதான் என்பதோடு இதை வைத்துப் பார்த்தால், இந்த மண்டலத்தை உடலின் உபரி ஏற்பாடாகக் கருதிவந்தது எவ்வளவு பிழை என்று தெரியும்.

நிணநீர்க் குழலின் தொடக்க முனையில் செல்கள், கீற்றுக் கூரையின் ஓலைகள்போல் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படிந்து கிடக்கின்றன. நடுநடுவே மட்டும் இறுக்கமான பிணைப்பு. இடையிலுள்ள மடிப்புகள் திறந்து நீரை உள்ளே விடும், வெளியே விடாது. அதற்கப்பால் உள்ள பெரிய குழல்களின் சுவரில் தசை உண்டு. வால்வுக்கு வால்வு ஒவ்வொரு பகுதியும் தானே சுருங்கி நீரை மேலே தள்ளுகிறது. வழியில் நிணநீர்க் கணுக்கள். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறிகட்டும் என்பதை அறியாத வீடு தமிழகத்தில் இருக்காது. காயத்திலிருந்து வந்த கிருமியின் துணுக்குகளை வெள்ளணுக்கள் அந்தக் கணுவில் சோதித்துப் பெருகுவதே நெறி. ஆகவே ஒரு குழல் அடைபட்டால் நீர் தேங்குவது மட்டுமல்ல, அந்த உறுப்பின் காவலும் பலவீனப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் யானைக்கால் நோயின் போக்கு முழுதும் விளங்கும்.

அதற்கு முன் வேறொரு வீக்கத்தைப் பார்ப்போம். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள கணுக்களை மொத்தமாக எடுத்துவிட்டால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கை வீங்குகிறது. நீலச் சாயமோ கதிரியக்கத் தடயமோ செலுத்தி, நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை மட்டும் கண்டெடுத்துச் சோதிக்கும் முறை 1990களில் வந்தபின், அப்படிச் சோதித்த பெண்களில் அந்த அளவு நூற்றுக்கு ஆறு வாக்கில் இறங்கியது. கத்தியின் திறமை கூடியதால் வந்த மாற்றமில்லை இது. நிணநீர் எந்த வழியில் போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்ததால் வந்தது.

யானைக்கால் நோயில் இந்தத் தெளிவு மிகத் தாமதமாக வந்தது. 1872இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் மனித ரத்தத்தில், அந்நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் காட்டினார். ஆனால் கொசு நீரில் விழுந்து இறந்தபின், அந்த நீரைக் குடிப்பவருக்கே புழு சேர்கிறது என்று எண்ணினார். கொசுக்கடியே வழி என்பது 1900இல் ஜார்ஜ் லோ கொசுவின் ஊசிக்குழலில் புழுவைக் கண்டபின்தான் நிலைநாட்டப்பட்டது. நம் ஊர்களில் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் அந்தக் கொசு. நுண்புழுக்கள் இரவு பத்து மணிக்குப் பிறகே தோலருகிலுள்ள ரத்தத்தில் மிகுகின்றன. அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் உறங்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார்கள்.

வளர்ந்த புழு நிணநீர்க் குழலுக்குள்ளேயே குடியிருக்கிறது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். நூலிழை அளவு பருமன். ஆறு முதல் எட்டு ஆண்டுகள் உயிர் வாழும். அது அங்கே என்ன செய்கிறது என்பதை, உயிருள்ள மனிதரிடம், 1994இல்தான் பார்த்தார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா ட்ரேயரும் அவருடைய சகாக்களும் நோய் அறிகுறி இல்லாத ஆண்களின் விரைப்பையை அல்ட்ராசவுண்ட் கருவியால் பார்த்தபோது, விரிந்த நிணநீர்க் குழல்களுக்குள் புழுக்கள் இடைவிடாது நெளிந்துகொண்டிருந்தன. ‘ஃபைலேரியா நடனம்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. குழல் மட்டும் விரிந்திருந்தது. அதே காலத்தில், கதிரியக்கத் தடயத்தைத் தோலடியில் செலுத்தி நிணநீரின் ஓட்டத்தைப் படமெடுத்தவர்களும், ரத்தத்தில் நுண்புழு மட்டுமே கொண்ட, வீக்கமில்லாத கால்களில் ஓட்டம் சீர்கெட்டிருப்பதைக் கண்டார்கள்.

அப்படியானால் வீக்கம் எங்கிருந்து வருகிறது? புழு அடைத்துக்கொள்வதால் என்ற பழைய விடை போதவில்லை. தஞ்சாவூர், சென்னை மருத்துவர்கள் வார்சாவின் வால்டெமார் ஓல்ஷெவ்ஸ்கியோடு சேர்ந்து, யானைக்கால் நோயாளிகளின் தோல், திசுநீர், நிணநீர், கணு ஆகியவற்றைச் சோதித்து 1997இல் எழுதிய கட்டுரை இந்தக் கேள்வியில் முக்கியமானது. வீங்கிய காலின் ஆழத்தில் பாக்டீரியாக்கள் இருந்தன. விரலிடுக்கு வெடிப்பிலோ சேற்றுப்புண்ணிலோ நுழையும் கிருமியை, ஏற்கெனவே தளர்ந்த நிணநீர்க் குழலால் வெளியேற்ற முடிவதில்லை. கிருமி தங்குகிறது, நெறிகட்டுகிறது, குளிரும் காய்ச்சலும் வந்து நோயாளி ஒரு வாரம் படுக்கிறார். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் தோல் இன்னும் தடிக்கிறது, அடுத்த வெடிப்புக்கு இடம் கொடுக்கிறது. புழு செத்துப் பல ஆண்டுகள் ஆனபின்னும் கால் வளர்ந்துகொண்டே போவதன் காரணம் இதுதான்.

காரணம் தெரிந்ததும் மருந்தும் எளிதாயிற்று. சோப்பு போட்டு, விரலிடுக்கு உட்படக் காலைத் தினமும் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, வெடிப்புக்குக் களிம்பு தடவி, இரவில் காலை உயர்த்தி வைப்பது. வேலூரிலும் கேரளத்தின் ஆலப்புழையிலும் நடந்த மருந்துச் சோதனைகளில், மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றுக் காலை மட்டும் இப்படிப் பராமரித்தவர்களுக்கும் காய்ச்சல் வருவது குறைந்தது. மூலக்கூறு ஆய்வு தந்த நம்பிக்கைகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிணநீர்க் குழலை வளரத் தூண்டும் வி.ஈ.ஜி.எஃப்.-சி என்ற புரதத்தை 1996இல் ஹெல்சிங்கி குழு கண்டறிந்தது. அதன் மரபணுவை மார்பகப் புற்றுநோய்க்குப்பின் கை வீங்கிய பெண்களுக்குச் செலுத்திய ஐரோப்பியச் சோதனை 2021இல் எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் முடிந்தது. டாக்சிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக், யானைக்கால் நோயாளிகளின் ரத்தத்தில் மிகுந்திருந்த அதே புரதத்தைக் குறைத்து வீக்கத்தையும் தணிப்பதாக 2006இல் கானாவிலிருந்து ஒரு சிறு ஆய்வு வந்தது. பின்னர் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் பெரிய அளவில் சோதித்தபோது, காலைக் கழுவிப் பராமரிக்கக் கற்றவர்களுக்கு அந்த மருந்து கூடுதலாக எதையும் தரவில்லை. மூலக்கூறு ஆய்வு வீண் என்று இதற்குப் பொருளில்லை. வடிவம் குலைந்து, நார்த்திசு நிறைந்துவிட்ட காலில் எந்த மருந்துக்கும் பிடிப்பு கிடைப்பதில்லை. மருந்து வேலை செய்யக்கூடிய காலம் வேறு.

அந்தக் காலம் எது என்பதற்கான விடையும் ஆலப்புழையிலிருந்தே வந்தது. அந்த மாவட்டத்தின் சேர்த்தலை வட்டாரம் நெடுங்காலமாக இந்நோய்க்குப் பெயர் பெற்றது. ஆகாயத்தாமரை மிதக்கும் குளங்களில் வளரும் மான்சோனியா கொசு, புருகியா மலாயி என்ற வேறு வகைப் புழுவை அங்கே பரப்பிவந்தது. ஆலப்புழையிலுள்ள திருமல தேவஸ்வம் மருத்துவக் கல்லூரியின் ஆர்.கே. ஷெனாயும் குழுவினரும், நோய்த்தொற்று உள்ள ஆனால் கால் வீங்காத குழந்தைகளின் நிணநீர் ஓட்டத்தைப் படமெடுத்தார்கள். ஓடி விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைகளின் கால்களில் குழல்கள் ஏற்கெனவே விரிந்திருந்தன. பிறகு, புழுவை ஒழிக்க ஊர் முழுவதற்கும் அரசு கொடுக்கும் அதே டி.இ.சி., அல்பென்டசோல் மாத்திரைகளை அதே அளவில் கொடுத்து, ஈராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலானவர்களிடம் பழுது குறைந்திருந்தது.

இந்த ஆய்வுக்கு அதன் தகுதிக்கேற்ற கவனம் நம் நாட்டில் கிடைக்கவில்லை. முதியவர்களின் நோய் என்று நாம் எண்ணுவது பிள்ளைப் பருவத்தில் தொடங்குகிறது. அந்தப் பருவத்தில் அது திரும்பக்கூடியது. கூட்டு மருந்து வழங்கலின்போது மாத்திரையை வாங்கி வைத்துவிட்டு விழுங்காதவர்கள் எப்போதும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: எனக்குத்தான் ஒன்றுமில்லையே. சுகாதாரத் துறையும் அவர்களிடம் ஊரில் நோய் பரவாமலிருக்க என்றே பேசிவந்திருக்கிறது. ஊருக்காக மாத்திரை விழுங்க எல்லோருக்கும் மனம் வருவதில்லை. உங்கள் பிள்ளையின் காலில் இப்போதே பழுது தொடங்கியிருக்கலாம், இந்த மாத்திரை அதைச் சரிசெய்யக்கூடும் என்று சொன்னால் தாய்மார்கள் கேட்பார்கள். அப்படிச் சொல்வதற்கான சான்று கையில் இருக்கிறது.

2000இல் உலக அளவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபின் தொற்றுள்ளவர்களின் எண்ணிக்கை 2018க்குள் 74 விழுக்காடு குறைந்து 5.1 கோடியானது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இலங்கை 2016இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை நீக்கிவிட்டதாகச் சான்று பெற்றது. பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் பரவுதல் நின்ற நாளில் வீங்கிய கால்கள் வடிந்துவிடுவதில்லை. கால் வீக்கத்தோடும் விரைவீக்கத்தோடும் 3.6 கோடிப் பேர் உலகில் மிஞ்சியிருக்கிறார்கள். விரைவீக்கத்தை ஓர் எளிய அறுவைச் சிகிச்சை தீர்த்துவிடும். கால் வீக்கத்துக்கு அப்படியொரு முடிவு இல்லை. வாழ்நாள் முழுக்கக் கழுவித் துடைக்க வேண்டியதுதான். நோயாளிகளுக்கான இந்தப் பராமரிப்பு கிடைக்கிறதா என்பதையும் சான்று கேட்கும் நாடு காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை இருப்பது நல்லது.

தமிழகத்தில் நான்காம் நிலை வீக்கம் உள்ளவர்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. உழைக்க முடியாமல் போனவர்களுக்கு அது அவசியம். ஆனால் நான்காம் நிலை என்பது மருத்துவத்தால் மிகக் குறைவாகவே செய்யக்கூடிய நிலை. ஒரு வாளி, ஒரு குவளை, சோப்பு, துண்டு, களிம்பு ஆகியவை சேர்ந்த பராமரிப்புப் பை பெரும் பலன் தருவது தொடக்க நிலையில், காலையில் வடிந்து மாலையில் வீங்கும் காலுக்கு. அந்தக் கட்டத்திலுள்ளவர்கள் அதை நோயென்றே எண்ணாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்கள், மருத்துவமனைக்கு வரமாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நோய் இருந்த வட்டாரங்களில் அவர்கள் கால்விரல் இடுக்கையும் கணுக்காலையும் பார்க்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு எப்படியும் செய்ய வேண்டிய சோதனைதான். தனிக் கருவி வேண்டாம், ஓரிரு நிமிடம் போதும்.